எதிர்க்கட்சி வரிசையிலிருந்து: ஆக்ஸ்போர்டுப் பயணக் குறிப்புகள்

வியாழன்

ஹீத்ரோ விமான நிலையத்திலிருந்து ஆக்ஸ்போர்டுக்கு நேரடிப் பேருந்து இருக்கிறது. கண்டக்டர் கிடையாது. டிரைவரே டிக்கெட்டைப் பார்த்து, பெட்டிகளை அடியில் ஏற்றி, பெல்ட் போடச் சொல்லிவிட்டு வண்டியை எடுக்கிறார். ஒன்றரை மணி நேரப் பயணம். கொஞ்சம் கண்ணை மூடலாம் என்று பார்த்தால், பின்சீட்டில் என் மாணவர்கள் இரண்டு பேரும் கட்டாய வாக்குப்பதிவு சரியா தவறா என்று சண்டை போட்டுக்கொண்டே வந்தார்கள். சென்னையில் செக்-இன் வரிசையில் ஆரம்பித்த சண்டை அது.

இரண்டு பேரும் ப்ளஸ் ஒன். பெயரை எழுத வேண்டாமென்று வீட்டில் கேட்டுக்கொண்டார்கள். அவனுக்குப் பூர்வீகம் கும்பகோணம் பக்கம், அவளுக்குப் பல்லடம். பள்ளியிலும் அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்பதால் இங்கேயும் கும்பகோணம், பல்லடம். நான் இவர்களுக்கு வரலாறு எடுக்கிறேன். கல்லூரிக் காலத்தில் பட்டிமன்ற மேடைகளில் பேசிய பழக்கம் உண்டு. அந்த ஒரு தகுதியை வைத்து விவாதக் குழுவை என் தலையில் கட்டினார்கள்.

ஆக்ஸ்போர்டு யூனியன் என்பது 1823-இல் மாணவர்கள் தொடங்கிய விவாதச் சங்கம். பள்ளிகளுக்கென்றும் ஒரு போட்டி நடத்துகிறது. அதன் இறுதிக் கட்டத்துக்குத்தான் வந்திருக்கிறோம். முறை பிரிட்டிஷ் நாடாளுமன்ற முறை. ஓர் அறையில் நாலு அணி, அணிக்கு இரண்டு பேர். இரண்டு அணிகள் அரசுத் தரப்பு, இரண்டு அணிகள் எதிர்த்தரப்பு. ஒரே தரப்பில் இருக்கும் இரண்டு அணிகளும் கூட்டாளிகள்தான், ஆனால் போட்டியாளர்களும்கூட. முன்னால் பேசும் அணியை மறுக்கவும் கூடாது, அது சொன்னதையே திரும்பச் சொல்லவும் கூடாது. புதிதாக ஒன்றைக் கொண்டுவந்து அதைவிட நன்றாகப் பேச வேண்டும். நம் ஊர்க் கூட்டணி அரசியல் தெரிந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும்.

வழியில் பல்லடத்தின் பாட்டி வீடியோ காலில் வந்தார். "என்ன கண்ணு பேசப் போற?"

"தெரியாதுங்க பாட்டி. பதினஞ்சு நிமிஷம் முன்னாடிதான் தலைப்பைச் சொல்லுவாங்க."

"எந்தப் பக்கம்?"

"அதையும் அவங்கதான் சொல்லுவாங்க."

பாட்டி கொஞ்ச நேரம் திரையையே பார்த்தார். "அப்ப உனக்கு என்ன தோணுதுன்னு யாரும் கேக்க மாட்டாங்களா?"

பல்லடம் என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

வெள்ளி

மார்ச் மாதக் குளிர் காதைக் கடிக்கிறது. காலையிலேயே கும்பகோணம் ஒரு பட்டியலோடு வந்தான். முதல் பெயர் ஜி.யு. போப்.

குறளையும் நாலடியாரையும் திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் தந்த போப், கடைசிக் காலத்தில் ஆக்ஸ்போர்டில்தான் தமிழும் தெலுங்கும் சொல்லிக்கொடுத்தார். 1908-இல் இறந்தார். கல்லறை ஜெரிக்கோ பகுதியில், வால்டன் தெருவை ஒட்டிய செயின்ட் செபல்கர்ஸ் இடுகாட்டில் இருக்கிறது. தெருவில் போகிறவர்களுக்கு அங்கே ஓர் இடுகாடு இருப்பதே தெரியாது. உள்ளே புல்லும் பாசியும், சாய்ந்த சிலுவைகளும்.

தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போன எல்லோருக்கும் ஒரு கதை தெரியும். 'இங்கே ஒரு தமிழ் மாணவன் உறங்குகிறான்' என்று தன் கல்லறையில் எழுதச் சொன்னாராம் போப். நானே எத்தனையோ மேடையில் இதைச் சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன். கல்லின் முன்னால் குனிந்து எழுத்துகளை ஒவ்வொன்றாகப் படித்தோம். தென்னிந்தியாவைச் சேர்ந்தவர், பல்கலைக்கழகத்தில் தமிழ், தெலுங்கு விரிவுரையாளர், பேலியல் கல்லூரியின் சாப்ளின், அதாவது கல்லூரித் தேவாலயத்தின் குரு என்றெல்லாம் இருக்கிறது. அவர் குடும்பத்தாரும் தென்னிந்தியத் தமிழ் நண்பர்களும் அன்போடு நாட்டிய கல் என்றும் இருக்கிறது. 'தமிழ் மாணவன்' மட்டும் இல்லை.

"மிஸ், சோர்ஸ் என்ன?" என்றாள் பல்லடம்.

இந்த இரண்டு வார்த்தையை அவளுக்குக் கற்றுக்கொடுத்ததே நான்தான். பயிற்சியில் யாராவது "ஆய்வுகள் சொல்கின்றன" என்று ஆரம்பித்தால் உடனே கேட்க வேண்டும் என்பது எங்கள் குழு விதி. அங்கே கல்லில் இருப்பது என்னவோ இன்னும் பெரிய விஷயமாகத்தான் எனக்குப் பட்டது: பத்தொன்பது வயதில் கப்பலேறி மதராஸ் வந்த கனடாக்காரர் ஒருவர், எண்பத்தேழு வயதில் ஆக்ஸ்போர்டில் செத்து, கல்லில் தென்னிந்தியாக்காரர் ஆகியிருக்கிறார். கதையைவிட உண்மை சுவையாக இருக்கும்போது கதை எதற்கு?

மதியம் ஊர் சுற்றினோம். நூலகம், கல்லூரி, கோபுரம், மறுபடியும் கல்லூரி. படம் எடுத்து மாளவில்லை. ஓரிடத்தில் பல்லடம் அண்ணாந்து பார்த்து, "மிஸ், யானை" என்றாள். அந்தக் காலத்து இந்தியன் இன்ஸ்டிடியூட் கட்டடத்தின் உச்சியில் காற்றுத் திசைகாட்டியாக ஒரு யானை நிற்கிறது. கவர்டு மார்க்கெட்டில் சூடாக ஒரு டீ குடித்தோம். விலையை ரூபாயில் மாற்றிப் பார்க்கக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தின் வாசலுக்கு வரும்போது மூடும் நேரம். படியில் உட்கார்ந்து கும்பகோணம் ஒரு கதை சொன்னான். அவன் தாத்தா வீட்டிலிருந்து சுந்தரப்பெருமாள்கோவில் கிட்டத்தில்தான். அந்த ஊர் சௌந்தரராஜப் பெருமாள் கோயிலில் இருந்த திருமங்கையாழ்வாரின் பதினாறாம் நூற்றாண்டு வெண்கலச் சிலையை இந்த அருங்காட்சியகம் 1967-இல் சோதபி ஏலத்தில் வாங்கியது. 1957-இல் எடுத்த ஒரு புகைப்படம் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் சேகரிப்பில் இருக்கிறது. அதில் ஆழ்வார் கோயிலில் நிற்கிறார். அது வெளியே வந்த பிறகு இந்தியா கேட்டது. 2024 மார்ச்சில் பல்கலைக்கழகம் திருப்பித் தர ஒப்புக்கொண்டது.

"வாளும் கேடயமுமா நிப்பார் மிஸ். திருடனா இருந்து ஆழ்வாரானவர். அவரையே திருடிட்டாங்க."

ராத்திரி விடுதியில் பயிற்சி. கட்டாய வாக்குப்பதிவு, மறுபடியும். ஆஸ்திரேலியா, 1924, ஓட்டுப் போடாவிட்டால் இருபது டாலர் அபராதம்: எல்லாம் தலைகீழ்ப் பாடம்.

சனி

கட்டாய வாக்குப்பதிவு வரவேயில்லை.

காலையில் பதிவு, பேட்ஜ், கூட்டம். கோட்டும் டையுமாகப் பையன்கள், காதில் பென்சில் சொருகிய பெண்கள். அறிவிப்புப் பலகையில் அணி, அறை, நிலை மூன்றையும் போடுகிறார்கள். தலைப்பைச் சொன்னதும் கடிகாரம் ஓட ஆரம்பிக்கிறது. பதினைந்து நிமிடம். இணையம் கூடாது, ஆசிரியர் உதவி கூடாது. நான் காரிடாரிலேயே நின்றுகொண்டேன். சுவரில் சாய்ந்து, மாடிப்படியில் உட்கார்ந்து, தரையில் படுத்தபடி என்று எங்கு பார்த்தாலும் இரண்டிரண்டு பேர் காகிதத்தில் கிறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

பேச்சு தலா ஐந்து நிமிடம். முதல் நிமிடமும் கடைசி நிமிடமும் பேசுபவரின் சொத்து. நடுவில் எதிர்த்தரப்பு எழுந்து நின்று குறுக்குக் கேள்வி கேட்கலாம். அதற்குப் பெயர் பாயிண்ட் ஆஃப் இன்ஃபர்மேஷன், பிள்ளைகள் வாயில் பிஓஐ. ஏற்பதும் உட்காரச் சொல்வதும் பேசுபவர் இஷ்டம். ஒன்றுகூட ஏற்காமல் போனால் பயந்துவிட்டதாகக் கணக்கு. எழுகிறவர் ஒரு கையைத் தலையில் வைத்து மறுகையை நீட்டும் பழைய வழக்கம் ஒன்று உண்டு. பொய்முடி விழுந்துவிடாமல் பிடித்துக்கொண்ட காலத்து மிச்சம் என்பார்கள். ஒரே ஒரு பையன் அப்படிச் செய்தான். தலையில் முடி நிறைய இருந்தது.

முதல் சுற்றில் பள்ளிகளில் செல்போன் தடை. நம்மவர்கள் அரசுத் தரப்பின் முதல் அணி. நாலாவது இடம், அதாவது கடைசி. தடை என்றால் என்ன, யார் பிடுங்கி வைப்பது, மீறினால் என்ன என்று எதையுமே சொல்லாமல் செல்போனின் தீமைகளை மட்டும் பேசிவிட்டு வந்தார்கள். நடுவராக இருந்த கல்லூரி மாணவி, தன் குறிப்பேட்டைத் திருப்பி, அவர்கள் சொன்னதை வரிக்கு வரி படித்துக் காட்டினாள். அழகான உவமை எதுவும் அந்தக் குறிப்பில் இல்லை. வாதம், அதற்கு வந்த பதில், பதில் வராமல் விட்டது, அவ்வளவுதான். நம் பட்டிமன்ற நடுவர்கள் இருபுறமும் சிரிக்கவைத்து, கடைசியில் 'இரண்டும் வேண்டும்' என்று தீர்ப்பு சொல்லி அனுப்புவார்கள். சாலமன் பாப்பையா ஐயாவின் தீபாவளிப் பட்டிமன்றம் இல்லாமல் எங்கள் வீட்டில் பண்டிகையே இல்லை, அதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் எதிரணி சொன்னதற்குப் பதில் சொல்லாமலே அங்கே ஜெயித்துவிடலாம். இங்கே முடியாது.

இரண்டாவது சுற்று, பதினாறு வயதில் ஓட்டுரிமை. மூன்றாவது இடம். மதிய உணவுக்குப் பாக்கெட் சாண்ட்விச். புளியோதரைப் பொடியும் ஊறுகாயும் விடுதியிலேயே கிடந்தன.

மதியச் சுற்றுக்கு வந்த தலைப்பு: 'காலனி ஆட்சிக் காலத்தில் கொண்டுபோன எல்லாப் பொருள்களையும் அருங்காட்சியகங்கள் திருப்பித் தர வேண்டும்.' பலகையில் பார்த்தேன். எங்கள் அணி எதிர்த்தரப்பு. அதிலும் இரண்டாவது அணி.

கும்பகோணத்தின் முகம் போன போக்கைப் பார்க்க முடியவில்லை. "மிஸ், இதுக்கு எதிரா நான் எப்படி..." என்று ஆரம்பித்தான். நான் வாயைத் திறக்கக் கூடாது. பல்லடம் அவன் சட்டைக் கையைப் பிடித்து மூலைக்கு இழுத்துப்போனாள்.

அறைக்குள் அரசுத் தரப்பின் முதல் அணி நன்றாகவே பேசியது. 1897-இல் பிரிட்டிஷ் படை ஆப்பிரிக்காவின் பெனினில் அள்ளிய வெண்கலங்கள், 1849-இல் பஞ்சாபோடு போன கோகினூர், கிரேக்கத்துப் பார்த்தினான் கோயில் சிற்பங்கள். எதிர்த்தரப்பின் முதல் அணிக்கு வழக்கமான பதில்: பாதுகாப்பு, உலகம் முழுக்க வந்து பார்க்க வசதி. அடுத்து வந்த அரசு அணி வரலாற்றுக் காயத்தைப் பற்றி உருகியது. ஆறாவதாக எழுந்தான் நம் ஆள்.

வேகம் இல்லை. அங்கே மற்ற பிள்ளைகள் மூச்சு விடாமல் கொட்டுகிறார்கள். இவன் நிறுத்தி நிறுத்திப் பேசினான். என் தாத்தா வீட்டுப் பக்கத்தில் ஒரு கோயில் இருக்கிறது என்று ஆரம்பித்தான். அங்கே இருந்த சிலை இந்த அறையிலிருந்து நடக்கிற தூரத்திலிருக்கும் அருங்காட்சியகத்துக்கு வந்தது என்றான். அரசுத் தரப்பில் இரண்டு பேர் நிமிர்ந்தார்கள். தங்களுக்கு வலுச் சேர்க்கிறான் என்று நினைத்திருப்பார்கள்.

"1957-இல் சிலை கோயிலில் இருந்தது. புகைப்படம் இருக்கிறது. 1967-இல் லண்டன் ஏலத்தில் விற்கப்பட்டது. நீங்கள் எங்கள் நாட்டை விட்டுப் போனது 1947-இல். இந்தத் தீர்மானம் நிறைவேறினால் எங்கள் ஆழ்வாருக்கு ஒன்றும் கிடைக்காது. உங்கள் பட்டியலில் அவர் இல்லை."

அறை அமைதியானது. அவன் வாதம் இதுதான்: எந்த ஆண்டில் போனது என்று கோடு போட்டால், அதற்குப் பிறகு நடந்த திருட்டெல்லாம் தப்பித்துக்கொள்ளும், ஒவ்வொரு பொருளும் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று தோண்டும் வேலைக்குத்தான் பணமும் ஆளும் வேண்டும், மொத்தமாகத் திருப்பித் தரும் ஆரவாரத்தில் அது அடிபட்டுப் போகும்.

ஒரு பெண் எழுந்து கை நீட்டினாள். ஏற்றுக்கொண்டான். "அப்படியானால் அந்தச் சிலையைத் தரக் கூடாது என்கிறீர்களா?"

"தர வேண்டும். பல்கலைக்கழகம் ஒப்புக்கொண்டுவிட்டது. உங்கள் தீர்மானம் இல்லாமலே. ஒரு புகைப்படத்தால்."

மேசையில் தட்டினார்கள். இங்கே கைதட்டல் அப்படித்தான். எனக்குத் தொண்டையை அடைத்தது. பார்வையாளர் தட்டக் கூடாதோ என்னவோ, நானும் தட்டினேன்.

கடைசிப் பேச்சாளர் பல்லடம். அந்த இடத்துக்கு விப் என்று பெயர். புது வாதம் எதையும் கொண்டுவரக் கூடாது, நடந்த மொத்தச் சண்டையையும் தொகுத்து, ஏன் நாங்கள் ஜெயித்தோம் என்று காட்ட வேண்டும். இவள் விவாதத்தை இரண்டே கேள்விகளாகச் சுருக்கினாள். எதைத் திருட்டு என்கிறோம்? அதைக் கண்டுபிடிக்கப் போவது யார்? முதல் எதிரணி பேசிய 'பாதுகாப்பு' விஷயத்தைத் தொடவே இல்லை. பிறகு கேட்டதற்கு, "அது தோத்துப்போன வாதங்க மிஸ். காப்பாத்தப் போனா நாமளும் சேர்ந்து முழுகிடுவோம்" என்றாள். இந்தக் கணக்கெல்லாம் நான் சொல்லிக்கொடுத்ததில்லை.

இரண்டாவது இடம் கிடைத்தது. முதலிடம் ஏன் இல்லை என்பதற்கு நடுவர் சொன்ன காரணம் நியாயமானதுதான். பழையதைத் திருப்பித் தரட்டும், புதிய திருட்டையும் தோண்டட்டும், இரண்டையும் சேர்த்துச் செய்தால் என்ன? அரசுத் தரப்பு விப் கடைசி நிமிடத்தில் இதைக் கேட்டிருந்தாள். நம்மவர்களிடம் சரியான பதில் இல்லை.

வெளியே வந்ததும் கும்பகோணம் சொன்னான்: "மிஸ், நிஜத்துல எல்லாத்தையும் திருப்பித் தரணும்னுதான் நான் நினைக்கிறேன்." ஆனால் நேற்று வரைக்கும் 1947-ஐப் பற்றி அவன் யோசித்ததே இல்லையாம். எதிர்ப்பக்கம் நின்றதால்தான் அந்தத் தேதி கண்ணில் பட்டது என்றான். பாட்டியின் கேள்விக்கு இது பதிலாகுமா என்று தெரியவில்லை. பாட்டி லேசில் விடுகிறவர் அல்ல.

அடுத்த கட்டத்துக்கு எங்கள் அணி போகவில்லை. மாலையில் இறுதிப் போட்டியைப் பார்க்க யூனியனின் விவாத மண்டபத்தில் உட்கார்ந்தோம். 1879-இல் கட்டியது. 1933 பிப்ரவரி 9 அன்று, மன்னருக்காகவும் நாட்டுக்காகவும் இந்த அவை எந்தச் சூழ்நிலையிலும் போரிடாது என்று 275-க்கு 153 என்ற கணக்கில் தீர்மானம் நிறைவேறிய அதே மண்டபம். யூனியனில் ஓட்டெடுப்பு வேடிக்கையானது. கை தூக்குவதில்லை. வெளியே போகும்போது ஆம் என்று எழுதிய வாசலில் போகிறாயா, இல்லை என்ற வாசலில் போகிறாயா என்று எண்ணுவார்கள்.

இந்தச் சங்கத்துக்கு 1959-இல் தலைவராக இருந்தவர் ஒரு தமிழர். மானிப்பாய்க் குடும்பத்தைச் சேர்ந்த லக்ஷ்மன் கதிர்காமர். பின்னாளில் இலங்கையின் வெளியுறவு அமைச்சர். 2005 மார்ச்சில் அவர் ஓவியத்தை இங்கே திறந்துவைத்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் கொழும்பில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் அரசியலைப் பற்றித் தமிழர்களுக்குள் இன்றும் ஒத்த கருத்து கிடையாது. பல்லடம் அவரைப் பற்றிக் கேட்டாள். இரண்டு தரப்பையும் சொன்னேன், என் கருத்தையும் சொன்னேன். இங்கே எழுதப் போவதில்லை.

ஞாயிறு

மழை. துணி துவைத்தோம். தூங்கினோம்.

இரவுச் சாப்பாட்டில் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். விசா, விமானம், தங்குமிடம் என்று முன்னாள் மாணவர்கள் கை கொடுத்ததால் வந்தோம். வீட்டிலேயே ஆங்கிலம் புழங்கும் பிள்ளைகளுக்கும், நல்ல பயிற்சியாளரை வைத்துக்கொள்ள வசதியுள்ள பள்ளிகளுக்கும்தான் இந்த விளையாட்டு சுலபம். பெரிய போட்டிகள் சிலவற்றில் ஆங்கிலம் இரண்டாம் மொழியாக உள்ளவர்களுக்குத் தனிப் பிரிவு வைக்கிறார்கள், நல்லதுதான். ஆனால் எங்கள் பள்ளித் தமிழ்வழிப் பிரிவில், சத்துணவு வரிசையில் நின்று இவர்களைவிடக் கூர்மையாக மடக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கிடைப்பதெல்லாம் மனப்பாடம் செய்து ஒப்பிக்கும் பேச்சுப் போட்டி. இலங்கைத் தமிழ்ப் பள்ளிகளில் அணி அணியாக நின்று மறுத்துப் பேசும் விவாதப் போட்டி ரொம்ப காலமாக இருக்கிறது. நாம்தான் பேச்சுப் போட்டியோடு நின்றுவிட்டோம்.

திங்கள்

லண்டன். நாடாளுமன்ற மக்களவையின் பார்வையாளர் மாடத்துக்கு இலவசமாகவே போகலாம், வரிசையில் நிற்கப் பொறுமை இருந்தால். போனை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். கண்ணாடித் தடுப்புக்குக் கீழே பச்சை பெஞ்சுகள். உறுப்பினர்கள் 650 பேர், இருக்கை 427. குண்டுவீச்சில் இடிந்து 1950-இல் திரும்பக் கட்டியபோது பெரிதாக்க வேண்டாமென்று பிடிவாதமாக அதே அளவில் கட்டியிருக்கிறார்கள். சபாநாயகர் நாற்காலி ஆஸ்திரேலியா கொடுத்தது, மேசை மேல் இருக்கும் பெட்டிகள் நியூசிலாந்து கொடுத்தவை. இரு தரப்பும் எதிரெதிரே உட்காரும் வழக்கமே, ஒரு காலத்தில் தேவாலயத்தில் பாடகர் வரிசைகளில் உட்கார்ந்து அவை நடத்தியதால் வந்ததாம். இரண்டு பக்கமும் தரையில் சிவப்புக் கோடு. அதைத் தாண்டி வந்து பேசக் கூடாது.

ஓர் அமைச்சர் பேசினார். குறுக்கே எழுந்தவர்களில் பாதிப் பேரை உட்காரச் சொன்னார். பல்லடம் விரல் விட்டு எண்ணினாள். வெளியே பாலத்தில் நடக்கும்போது இருவரும் அந்த அவைக்கு மதிப்பெண் போட்டார்கள். அமைச்சருக்கு நாலாவது இடம்; தீர்மானத்தை விளக்கவே இல்லையாம். பின்வரிசையில் ஒரே ஒரு கேள்வி கேட்டு உட்கார்ந்த பெண் உறுப்பினருக்கு முதலிடம்.

அப்புறம் ரயிலில் பேச்சு ஜூன் மாதத்துக்குப் போனது. பள்ளி திறந்ததும் தமிழிலேயே இந்த முறையில் ஒரு போட்டி வைக்கலாமா என்று கேட்டேன். பல்லடம் உடனே போர்டிங் பாஸின் பின்பக்கத்தில் விதிகளை எழுத ஆரம்பித்தாள். நாலு அணி, எட்டுப் பேர், ஐந்து நிமிடம். தலைப்பும் தரப்பும் சீட்டுக் குலுக்கி. தமிழ்வழிப் பிள்ளைக்கும் ஆங்கிலவழிப் பிள்ளைக்கும் ஜோடி போட வேண்டும் என்றது கும்பகோணம்.

சண்டை வந்தது ஆறாவது விதியில். குறளோ சினிமாப் பாட்டோ சொன்னால் மதிப்பெண் உண்டா? கிடையாது என்கிறாள் பல்லடம், அது கைதட்டுக்காகச் சொல்வது. வாதத்தை நகர்த்தினால் உண்டு என்கிறான் கும்பகோணம், அதுவும் ஒரு சாட்சிதானே. என்னை நடுவராக்கப் பார்த்தார்கள். இரண்டும் வேண்டும் என்று சொல்ல வாய் வந்தது. அடக்கிக்கொண்டு, ஆளுக்கு ஐந்து நிமிடம் கொடுத்தேன். எங்கள் ஸ்டேஷனைத் தாண்டிப் போய்விட்டோம்.